மேற்கு எல்லைக்கு ஒரு கைநாட்டு

"சினூன் வீட்ல இல்ல" என்று சினூனே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

மாலிஸ் வாசலில் நின்று பல்லைக் கடித்தாள். இப்படிப் பதில் வருவது இது மூன்றாவது முறை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் நில அலுவலகத் தாள் ஒன்றும், சிவப்பு மைப்பெட்டி ஒன்றும். தாளில் மூன்று எல்லைக்கும் கைநாட்டு விழுந்தாகிவிட்டது. வடக்கே சாலைக்கும் தெற்கே வாய்க்காலுக்கும் ஊர்த்தலைவர் கொங் வைத்துவிட்டார். கிழக்கே நூடுல்ஸ் கடை ஹோக், குழம்புக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமலே வைத்துவிட்டார். மேற்கு மட்டும் வெறுமையாக இருந்தது. மேற்கே இருப்பவள், செத்துப்போன கணவனின் அக்கா.

இந்த முறை மாலிஸ் திரும்பிப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பின்வாசலுக்குப் போனாள். பெரிய அலுமினியச் சட்டியில் வாழையிலைப் பொட்டலங்கள் ஆவியில் வெந்துகொண்டிருந்தன. சினூன் தலையில் கட்டம்போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு, ஊறவைத்த ஒட்டரிசியை இலையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பின்பக்கமா வர்றது யாரு? நாயா?"

"நான்தான்க்கா."

"அதைத்தான் கேட்டேன்."

மாலிஸ் நிலைப்படியைத் தாண்டவில்லை. "உள்ள வரல. உங்க கட்டைவிரல் மட்டும் வேணும். ஒரு நிமிஷ வேலை."

"வெட்டித் தரட்டா? கத்தி இங்கதான் இருக்கு."

"தாள்ல வச்சாப் போதும்."

சினூன் பொட்டலத்தை நாரால் இறுக்கிக் கட்டினாள். அந்த இறுக்கலில் பொட்டலம் பிதுங்கியது. "என் தம்பி செத்து அஞ்சு வருஷந்தான் ஆச்சு. அவன் எலும்பு விகாரையில ஆறுறதுக்குள்ள இவளுக்கு ஐஸ்காரன் கிடைச்சிட்டான். எங்கப்பா கொடுத்த நிலத்தை வித்துட்டு அவன் பின்னாடி போகப் போறா. அதுக்கு நான் கைநாட்டு வைக்கணுமாம்!"

"உங்கப்பா கொடுத்ததுதான். உங்க தம்பி வுத்தி பேர்லயும் என் பேர்லயும் எழுதிக் கொடுத்தார். தாள்ல ரெண்டு பேர் கைநாட்டும் இருக்கு."

"பிள்ளைகுட்டி பிறக்கும்னு எழுதிக் கொடுத்தார்."

அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று சினூனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். மாலிஸ் உறையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஐஸ்காரன்!" சினூன் விடவில்லை. "ஐஸ் எத்தனை நாளைக்குடி? வெயில்ல வச்சா உருகிப் போயிரும். அப்புறம் எங்க வந்து நிப்பே? இங்க வராதே. இந்த வருஷம் ப்சும் பென் பண்டிகைக்கு வுத்தி பேர்ல பிண்டம் உருட்டறது யாரு? ஐஸ்காரனா உருட்டுவான்? நான்தான் உருட்டணும்."

"நீங்களே உருட்டுங்க. எள்ளை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. அவருக்கு எள்ளு பல்லுல மாட்டினாப் பிடிக்காது."

சினூன் கரண்டியை எறிந்தாள். அது நிலைப்படியில் பட்டு மாலிஸின் காலடியில் விழுந்தது. மாலிஸ் அதை எடுத்து, துடைத்து, சட்டியோரம் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த ஊரில் இரண்டு விதப் பட்டா உண்டு. ஊர்த்தலைவரும் வட்டார அலுவலகமும் முத்திரை குத்திக் கொடுப்பது மெத்துப் பட்டா. அரசு ஆட்கள் வந்து அளந்து, படம் போட்டு, எண் கொடுத்து, தடித்த அட்டையில் அச்சடித்துக் கொடுப்பது கெட்டிப் பட்டா. மாமனார் காலத்தில் மெத்துப் பட்டாவே போதுமாக இருந்தது. இந்தத் தாக்மாவ் வரைக்கும் தலைநகர் நோம் பென் நீண்டு வந்தபிறகு, வாங்க வருகிறவர்கள் மெத்துப் பட்டாவைக் கையில்கூடத் தொடுவதில்லை. மாலிஸின் வீட்டைக் கேட்டவரும் அப்படித்தான். "ப்சும் பென் முடியறதுக்குள்ள கெட்டிப் பட்டா கையில இருக்கணும். இல்லன்னா எனக்குப் பக்கத்து ஊர்ல வேற இடம் இருக்கு" என்று தரகனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலிஸுக்கும் அதே கெடுதான். தூரத்துப் பட்டம்பாங் நகரில் சந்தைக்கு எதிரே ஒரு கடைவீடு இருந்தது. கீழே தையல்கடை, மேலே இரண்டு அறை. அதன் சொந்தக்காரி, "பண்டிகை வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றிருந்தாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற தாரித் அதே ஊரில் ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளன். மனைவியை இழந்தவன். அவனுக்கு ஒரு வீடு இருந்தது. "எதுக்கு இந்த அலைச்சல்? இருக்கறபடியே கிளம்பி வா. என் வீடு இல்லையா?" என்று தொலைபேசியில் பத்து முறை சொல்லிவிட்டான்.

"உங்க வீடு இருக்கு. எனக்கு ஒரு கதவு வேணும்" என்பாள் மாலிஸ். "என் பேர்ல. நானே பூட்டி நானே திறக்கற மாதிரி."

அவன் சிரிப்பான். "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. வுத்தி மேலயும் இருந்தது. அவர் போனதுக்கு மறுநாள், இது எங்கப்பா நிலம்னு அவங்க அக்கா வந்து வாசல்ல நின்னாங்க. இன்னொரு வாசல்ல இன்னொருத்தங்க அக்கா வந்து நிக்க வேணாம்."

அதற்கு மேல் அவன் பேசமாட்டான். அவனுக்கும் ஒரு அக்கா உண்டு.

கரண்டி பறந்த நாலாம் நாள் ஊர்த்தலைவர் கொங் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். இறங்கும்போதே முகம் சரியாக இல்லை.

"சினூன் கைநாட்டு வச்சிட்டா" என்றார்.

மாலிஸ் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். "வச்சிட்டாங்களா?"

"உன் தாள்ல இல்லம்மா. மனு எழுதி அதுல வச்சிருக்கா. நீ அவ நிலத்துல ஒரு மீட்டர் உள்ள வந்துட்டியாம். அளந்து பார்க்கணுமாம்."

மாலிஸுக்குச் சிரிப்பு வந்தது. அதில் வெறுப்பும் இருந்தது. "நானா?"

"அவ இருபது வருஷமா சொல்றதுதானே? எங்கப்பா எனக்குக் குறுகலா கொடுத்துட்டார், தம்பிக்கு அகலமா கொடுத்துட்டார்னு. உன் மாமியார் கருமாதியில சொன்னா, வுத்தி கருமாதியில சொன்னா, எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பாட்டு மேசையிலகூட சொன்னா. இப்ப எழுத்துல கொடுத்திருக்கா." கொங் குரலைத் தாழ்த்தினார். "மனு வராம இருந்திருந்தா அந்த ஆளுங்க வேலி எங்க இருக்கோ அங்க குச்சி ஊணிட்டுப் போயிருப்பாங்க. இப்பப் பழைய தாளை வச்சு ரெண்டு மனையையும் நாடா பிடிச்சுத்தான் ஆகணும்."

"பிடிக்கட்டும் மாமா. அவங்க ஆசையும் தீரட்டும்."

அளக்கும் நாளன்று தெருவே வந்துவிட்டது. ஹோக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, நாற்காலியையே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். வாங்குகிறவரின் தரகன் கறுப்புக் கண்ணாடியோடு ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அலுவலகத்திலிருந்து வந்தவள் ஒரு இளம்பெண். அகலத் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. அவளுடைய ஆட்கள் இருவர் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் கருவியைப் பொருத்தினார்கள்.

சினூன் விகாரைக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டையும் பட்டுப் பாவாடையும் உடுத்தி வந்திருந்தாள். வேலியோரமாக நடந்துவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அளவைக்காரப் பெண்ணிடம் சொன்னாள்:

"தங்கச்சி, நல்லா இழுத்துப் பிடி. துணி வெட்டற கை இவளுக்கு. முழத்துக்கு ரெண்டு விரல் மிச்சம் பிடிக்கற கை. நிலத்துலயும் பிடிச்சிருப்பா."

"நீங்க போட்டிருக்கீங்களே அந்தச் சட்டை, நான் தச்சதுதான்க்கா" என்றாள் மாலிஸ். "ரெண்டு விரல் தாராளமா விட்டிருந்தேன். இப்ப அதுவும் பத்தல."

ஹோக்கின் நாற்காலி சிரிப்பில் ஆடியது. சினூன் சட்டையின் இடுப்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பழைய தாள்களைக் கொங் விரித்துப் பிடித்தார். மாமனார் கைப்பட வரைந்த இரண்டு பெட்டிகள். சாலையோரமாக மொத்தம் இருபத்து நாலு மீட்டர். மகளுக்குப் பன்னிரண்டு, மகனுக்குப் பன்னிரண்டு. கீழே ஊரார் சாட்சி. நாடா சாலையோரமாக ஓடியது. ஹோக்கின் சுவரிலிருந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த நீல வேலி வரைக்கும் முதலில் பிடித்தார்கள்.

"பதினொன்னு" என்றான் நாடாக்காரன்.

அளவைக்காரப் பெண் தாளைப் பார்த்தாள். "மறுபடி பிடி."

"பதினொன்னுதான். மூணு சென்டிமீட்டர் கூட."

"அங்கேருந்து அந்தப் பக்கம் பிடி."

நாடா சினூனின் வாசலைத் தாண்டி, வாழைமரத்தைத் தாண்டி, மேற்குக் கோடிக் கல்லில் போய் நின்றது.

"பன்னிரண்டு, தொண்ணூத்தேழு."

தரகன் காப்பியின் அடியை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அளவைக்காரப் பெண் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மனு கொடுத்த அக்காவோட சமையலறைச் சுவர், இந்த அக்கா நிலத்துல ஒரு மீட்டர் உள்ள நிக்குது."

"பொய்!" என்றாள் சினூன். "காசு கொடுத்திருக்கா! ஐஸ்காரன் கொடுத்திருக்கான்!"

"யம்மா சினூன்" என்றார் ஹோக் நாற்காலியிலிருந்தபடியே, "நாடாவுக்கு யார் காசு கொடுப்பா?"

மாலிஸுக்கு அந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அவள் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுத் தூணிலிருந்து வேலிக் கம்பத்துக்குக் கட்டிய கொடி அது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய அம்மா இறந்தபோது, காரியங்களுக்காகப் பத்து நாள் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். வந்தபோது வேலிக் கம்பங்கள் புதிதாக, நீலச் சாயத்தோடு நின்றன. "பழசு உளுத்துப் போச்சு. மாத்திட்டேன்" என்றான் வுத்தி. மறுநாள் துவைத்துக் காயப்போட்டபோது கொடி தரையைத் தொடும்படி தொய்ந்தது. கயிறு நீண்டுவிட்டது என்று நினைத்தாள். கயிறு விற்றவனைச் சந்தையில் போய் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அன்று சாயங்காலம் வுத்தி ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்து, ஒரு மீட்டரைச் சுருட்டி முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டினான். அந்தச் சுருள் இன்னும் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருஷந்தான் சினூனின் கணவன் தாய்லாந்து எல்லைக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான்; வேலி மாறிய நாட்களில் சினூன் அவனைத் தேடி எல்லைக்குப் போயிருந்தாள். அந்த வருஷந்தான் சினூன் பலகாரம் செய்து விற்க ஆரம்பித்தாள். பெரிய அடுப்பு போட இடம் போதாமல் இருந்தது. பிறகு எப்படியோ போதுமானதாகிவிட்டது.

தம்பி கொடுத்தது அக்காவுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. கொடுத்துவிட்டுச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். அக்கா வருஷா வருஷம், குறுகல் குறுகல் என்று அவன் காதுபடவே புலம்பியபோதும் வாயைத் திறக்கவில்லை.

மாலிஸுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அதில் பாதி என்னுடையதுதானே? என் கைநாட்டும் இருக்கிற நிலந்தானே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அந்தக் கேள்விக்கு அவளாலேயே உடனே பதில் சொல்ல முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவன் கேட்கவில்லை.

தரகன் பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே காதோரம் சொன்னான்: "பன்னிரண்டுன்னு எழுதச் சொல்லுங்க அக்கா. சாலைப் பக்க மீட்டருக்குத்தான் விலை. ஒரு மீட்டர்னா சும்மாவா? சுவத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. பட்டா எங்க கைக்கு வந்ததும் ஒரே நாள்ல மெஷினை விட்டு இடிச்சிருவோம்."

அளவைக்காரப் பெண்ணும் காத்திருந்தாள். "தாள்ல பன்னிரண்டு. தரையில பதினொன்னு. எதை எழுதறதா இருந்தாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுக் கைநாட்டு வைக்கணும். ஒத்துக்கலன்னா வழக்கு. மாசக்கணக்கா, வருஷக்கணக்கான்னு எனக்குத் தெரியாது."

மாலிஸ் தாளை வாங்கிக்கொண்டு சினூனின் முன்னால் போய் நின்றாள். சினூன் கழுத்தை நிமிர்த்தித்தான் இருந்தாள். ஆனால் பட்டுப் பாவாடையின் மடிப்பைக் கலைத்துக் கலைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"பதினொன்னுன்னு எழுதச் சொல்றேன்" என்றாள் மாலிஸ். "உன் சுவர்தான் எல்லை. கைநாட்டு வை."

'உன்' என்று சொன்னது இருவருக்கும் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை.

"உன் பிச்சை எனக்கு வேணாம்."

"பிச்சையா? நான் எதுக்கு உனக்குப் பிச்சை போடணும்? உன்னோட ஒரு வருஷம் கோர்ட் வாசல்ல நிக்கறதைவிட ஒரு மீட்டர் எனக்கு மலிவு. வைக்க மாட்டியா? சரி. அதோ நிக்கறானே கண்ணாடிக்காரன், அவன்கிட்ட இப்பவே போய் பன்னிரண்டுக்கே நிப்போம்னு சொல்றேன். மெதுவா நடக்கட்டும் வழக்கு. எனக்கு ஐஸ்காரன் இருக்கான், நான் போய்ப் படுத்துத் தூங்குவேன். உனக்கு என்ன இருக்கு? இந்த அடுப்புதானே? அதுமேல மெஷின் ஏறும்."

"ஏறட்டும்டி!"

"ஏறட்டும்."

ஹோக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கொங் தொண்டையைச் செருமப் பார்த்து வேண்டாமென்று விட்டுவிட்டார். சமையலறைக்குள் ஏதோ ஒரு சட்டியின் மூடி ஆவியில் தடதடவென்று ஆடியது. சினூன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு மைப்பெட்டியைப் பிடுங்கினாள்.

கட்டைவிரலை அழுத்திய வேகத்தில் தாளில் வட்டமாகச் சிவப்புத் திட்டு ஒன்றுதான் விழுந்தது. ரேகை ஒன்றும் தெரியவில்லை.

"மறுபடி வைங்கம்மா, மெதுவா" என்றாள் அளவைக்காரப் பெண்.

மறுபடி வைத்தாள். இந்த முறை ஒவ்வொரு கோடும் தெரிந்தது. விரலை நீல வேலிக் கம்பத்தில் துடைத்துவிட்டு, மாலிஸைப் பார்க்காமல் சொன்னாள்:

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டுடாதே."

"கூப்பிடறதா இல்ல."

கைநாட்டு விழுந்தால் முடிந்தது என்று மாலிஸ் நினைத்திருந்தாள். முடியவில்லை. அளவுப் படத்தையும் எல்லைக்காரர் பெயர்களையும் ஒரு தாளில் அச்சடித்து, ஊர்த்தலைவர் வீட்டுப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைக்க வேண்டும். யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் அதற்குள் சொல்லலாம். "கிழிஞ்சாலோ விழுந்தாலோ மறுபடி முதல்லேர்ந்து முப்பது நாள்" என்று நில அலுவலக எழுத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மாலிஸ் விரல் விட்டு எண்ணினாள். முப்பதாவது நாள், ப்சும் பென்னின் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. இடையில் ஒரு நாள்கூட விழக் கூடாது.

பலகை, தூண்கள்மேல் நின்ற கொங்கின் வீட்டுக்குக் கீழே, திறந்த பக்கமாக ஒரு தூணில் அறைந்திருந்தது. மூன்றாம் நாளே ஹோக் வந்து சொன்னார்: "உன் நாத்தனா அந்தப் பலகை முன்னாடி நிக்கறா."

"எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? படிக்கறா. ரொம்ப நேரமா படிக்கறா."

மறுநாளும் நின்றாள். அதற்கு அடுத்த நாளும். பலகாரம் விற்கப் போகிற வழியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, முகத்தைத் தாளுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பாளாம். கையால் தடவிப் பார்ப்பாளாம். மாலிஸுக்கு ஊசியில் நூல் கோப்பது சிரமமாகிவிட்டது. மணப்பெண் சட்டை ஒன்றில் கழுத்தைத் தப்பாக வெட்டினாள். இன்னொரு மனு வரும் என்று தினமும் எதிர்பார்த்தாள். இல்லையென்றால் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தாள் கையோடு வந்துவிடும்.

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு சுத்தமாக நின்றுபோனது. ஒருநாள் மட்டும் சினூன் தன் பக்கத்திலிருந்து வாழைமரத்திடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "ஒரு மீட்டரை விட்டுக் கொடுத்துட்டோம்னு சிலபேருக்குத் தலைக்கனம். கொடுத்தது என் தம்பி. அவளா கொடுத்தா?"

மாலிஸ் கொடியில் துணியை உதறினாள். "பாதி என்னுது. அந்தப் பாதியை நான் இப்பத்தான் கொடுத்தேன்" என்று கொடியிடம் சொன்னாள்.

வாழைமரம் பதில் சொல்லவில்லை.

ப்சும் பென் பிறந்தது. விடியுமுன்னே பெண்கள் தட்டேந்தி விகாரைக்குப் போய், பசித்த முன்னோர்களுக்காக எள் கலந்த பிண்ட உருண்டைகளைச் சுற்றிலும் போட்டுவிட்டு வந்தார்கள். சினூன் ஒருநாள்கூடத் தவறவில்லை. மாலிஸ் அவளோடு சேர்ந்து போக விரும்பாமல், வாய்க்காலைத் தாண்டி இன்னொரு விகாரைக்குப் போனாள்.

இருபத்தெட்டாவது நாள் மாலையில் வானம் பொத்துக்கொண்டது. சாலையெல்லாம் தண்ணீர். காற்று பக்கவாட்டில் அடித்தது. ஹோக்கின் கடைக் கூரைத் தகடு ஒன்று வாய்க்காலில் போய் விழுந்தது. கொங் மனைவியோடு மகள் ஊருக்குப் பண்டிகைக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் ஆள் கிடையாது. மழை நின்றபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் போக முடியாமல், விடியும் வரை மாலிஸ் விழித்தே கிடந்தாள். தாரித்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். கடைவீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்றும்.

வெளுத்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினாள். கொங் வீட்டுக்குக் கீழே தரை முழுக்கச் செத்தையும் இலையும். பக்கத்தில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவிப்பு கூழாகிக் கிடந்தது. ஏதோ தேர்தல் அறிவிப்பில் பாதி காணவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அவளுடைய தாள் அப்படியே இருந்தது.

நனைந்து, சுருங்கி, மை ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது. ஆனால் நாலு மூலையும் பலகையோடு அப்பிக்கொண்டிருந்தன. பழைய பசை இல்லை. புதிதாக, ஈரமாக, யாரோ விரலால் அழுத்தித் தேய்த்திருந்தார்கள். மாலிஸ் அருகில் போய்ப் பார்த்தாள். தாளின் விளிம்பில் வெள்ளையாகப் பிதுங்கியிருந்தது ஒட்டரிசிச் சோறு. அதில் இங்கும் அங்கும் கறுப்பாக எள். ரொம்ப எள்.

"கையை வைக்காதே. இன்னும் காயல."

சினூன் தூணுக்குப் பின்னால், கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்து சேறு அப்பியிருந்தது. மடியில் பிண்டத் தட்டு. அதில் ஓரிடம் காலியாக இருந்தது. விரல்களில் சோறு காய்ந்திருந்தது.

மாலிஸ் செருப்பைக் கீழே போட்டாள். நன்றி என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. சினூன் அதைப் பார்த்துவிட்டாள்.

"வாயைத் திறக்காதே. உனக்காகன்னு நினைச்சுக்காதே. அந்தத் தாள்ல 'மேற்கே சினூன், செங்கல் சுவர்'னு போட்டிருக்கு. அது அரசாங்கத்துல பதிவாகணும். ஆனாத்தான் நாளைக்கு அந்த மெஷின்காரன் என் சுவர்ப் பக்கம் வரமாட்டான். என் சுவருக்காக ஒட்டினேன்."

"தினமும் வந்து பார்த்தது?"

"பசை மட்டமான பசை. மூலை கிளம்பிக்கிட்டே இருந்தது. தினமும் அழுத்தி விட வேண்டியிருந்தது. நீ ஒருநாளாவது வந்து பார்த்தியா? நிலத்தை விக்கறாளாம்!"

மாலிஸ் தட்டைப் பார்த்தாள். "அது யார் பேர்ல உருட்டினது?"

சினூன் எழுந்து, கூடையை நிமிர்த்தி, தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். விகாரை மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. சேற்றில் நாலடி நடந்தபிறகு, திரும்பாமலே சொன்னாள்:

"வுத்தி பேர்லதான். இன்னைக்கு அவனுக்கு ஒரு உருண்டை குறைச்சல். வேலியை நகத்தினவன் அவன்தானே? தாளையும் அவனே பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."